துரை காரில் ஏறிப்போன நாற்று

விளாங்குடி,
12-3-1933, ஞாயிறு மாலை.

கனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

மதுரை வட்டத்து விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் கிருபாகரன் மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த நன்றியோடும் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் சம்சாரம் ஆனிமேரியும், பிள்ளைகள் மூவரும், இலாகா என் பொறுப்பில் விட்டிருக்கிற இரும்புக் கலப்பைகள் இரண்டும் தேவ கிருபையால் சுகம். அவ்விடம் தாங்களும், தங்கள் வீட்டாரும், நம் இலாகாவின் மாதப் பத்திரிகையை எழுத்து எழுத்தாக அச்சுக்கோக்கும் அன்பர்களும் கண்நோவு முதுகுவலி இன்றிச் சுகமாயிருக்க வேண்டுமென்று குடும்பத்தோடு ஜெபிக்கிறோம்.

நிற்க, இம்மாத இதழ் நேற்றுத் தபாலில் வந்து சேர்ந்தது. வழக்கம்போல எருக்குழி பற்றிய கட்டுரையிலிருந்து தொடங்கி வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தேன். இருபத்தேழாம் பக்கத்தில் ‘ஊழியர் செய்திகள்’ என்ற தலைப்பின் கீழே, ஒருவருக்கு மாற்றல் ஆன செய்திக்கும், இலாகா பொலிகாளை ஒன்று காலமான செய்திக்கும் நடுவில் என் பெயர் இருந்தது. ‘மதுரை டிமான்ஸ்ட்ரேட்டர் மிஸ்டர் கிருபாகரன், தம் இனிய பேச்சாலும் இடைவிடா முயற்சியாலும் ஒத்தக்கடைப் பக்கத்துக் குடியானவர்களை ஒற்றை நாற்று நடவுக்கு முழுமனதாக இணங்கச் செய்தார். இத்திறமையை மெச்சி, குடியானவர்களை இணங்கச் செய்யும் முறைகள் பற்றிக் கோயமுத்தூரில் நடக்கும் ஆறு வாரப் பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். பயிற்சி முடிந்தபின் தென் ஜில்லாக்களின் டிமான்ஸ்ட்ரேட்டர்களுக்கு அவரே பாடம் சொல்வார்.’ இதை நான் நான்கு முறை வாசித்தேன். ஆனிமேரி உரக்க இரண்டு முறை வாசித்தாள். பிறகு அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டுவதா, அல்லது இதழை முழுசாக வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதா என்று வீட்டில் ஒரு தர்க்கம் நடந்தது. என் பெயர் அச்சில் வருவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை வந்தது என் சைக்கிள் காணாமற்போன விளம்பரத்தில். ஆகவே தங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் ஐயா, அந்தச் செய்தியில் என் பெயரைத் தவிர வேறொன்றும் உண்மையில்லை. இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. சொல்லாமலிருந்தாலோ சோறு இறங்கவில்லை. இன்று காலை ஆராதனையில் போதகர், ‘தான் விதைக்காததை அறுத்துக் களஞ்சியத்தில் சேர்க்கிறவன்’ என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். அவர் பார்த்தது எனக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஹார்மோனியக்காரரை என்று ஆனிமேரி சொல்கிறாள். இருந்தாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். தாங்கள் பார்த்து ஒரு திருத்தம் போட்டு, அந்தப் பயிற்சியையும் தகுதியுள்ள வேறொருவருக்குக் கொடுக்கச் செய்யவேண்டும்.

சென்ற ஆவணியில் சிக்கன உத்தரவு வந்தது தாங்கள் அறிந்ததே. மதுரையில் டிமான்ஸ்ட்ரேட்டர் பதவி ஒன்றைக் குறைக்கலாமா என்று மேலிடத்தில் யோசனை. கடைசியாக வேலையில் சேர்ந்தவன் நான். புரட்டாசியில் பெரிய துரை சுற்றுப்பிரயாணம் வருகிறார், என் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று ஹெட் கிளார்க் கண்ணுச்சாமி ரகசியமாகச் சொன்னார். அவர் ரகசியமாகச் சொன்னது எங்கள் ஆபீஸில் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்திருந்தது. எனக்கு வயது நாற்பத்துமூன்று. இந்த வேலை போனால் வேறு வேலை தெரியாது. உண்மையைச் சொன்னால் இந்த வேலையும் அவ்வளவாகத் தெரியாது. என் தகப்பனார் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் சேற்றில் கால் வைத்ததெல்லாம் மழைநாளில் பள்ளிக்கூடம் போனபோதுதான். இலாகா அனுப்பிய துண்டுப் பிரசுரங்களைப் படித்துத்தான் குடியானவர்களுக்கு நான் விவசாயம் சொன்னேன். அவர்களும் மரியாதையுள்ளவர்கள், முகத்துக்கு நேரே சிரித்ததில்லை. முதுகுக்குப் பின்னால் ‘ஏர் வாத்தியார்’ என்று பேர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

யானைமலைக்குக் கீழே, ஒத்தக்கடை தாண்டி, நல்லகாமன் என்ற குடியானவர் இருக்கிறார். மாதம் மூன்று தடவை நான் சைக்கிளில் போய் அவரோடு பேசிப் பேசி, ஒருநாள் அவரும் அலுத்துப்போய், ரோட்டை ஒட்டிய முப்பது சென்ட் வயலை இலாகாவுக்காக விட ஒப்புக்கொண்டார். பாதி வயலில் அவர்கள் வழக்கப்படி குத்துக்கு ஆறேழு நாற்றாக நடுவது. மறுபாதியில் இலாகா முறைப்படி குத்துக்கு ஒரே ஒரு நாற்று. அறுப்பன்று இரண்டையும் தனித்தனியாக அடித்து அளந்தால் எது மேலென்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒப்புக்கொண்ட மறுநாளே மனுஷருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“ஒத்தை நாத்தா? ஒரு கோழி நடந்து போனா வயலே காலியாயிருமேய்யா! ஒங்களுக்கு மாசமானாச் சம்பளம். எனக்கு இந்த வயலுதேன்” என்றார்.

நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தலைவி ஒச்சாயி என்கிற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். அவள் ‘ம்’ என்றால்தான் மற்றப் பெண்கள் வயலில் இறங்குவார்கள், கரையேறுவார்கள். நடவுக்கு முந்திய நான்கு நாள் நான் வரப்பில் நின்று துண்டுப் பிரசுரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு நாற்று நட்டால் அது எப்படிக் கிளைத்துத் தூர் கட்டும், பல நாற்றை ஒரே குழியில் திணித்தால் ஒன்றையொன்று எப்படிப் பட்டினி போடும் என்று தொண்டை வறளச் சொன்னேன். ஒருத்தியும் நிமிரவில்லை. பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டே பாட்டுப் பாடினார்கள். பாட்டில் என் தொப்பி வந்தது. நட்டுக் காட்டுகிறேன் என்று மூன்றாம் நாள் தொளிச் சேற்றில் இறங்கினேன். இடது பூட்ஸ் உள்ளே போய் அங்கேயே தங்கிவிட்டது. அது இன்றுவரை கிடைக்கவில்லை. அதை எடுக்கக் குனிந்தபோது கையில் இருந்த பிரசுரமும் போயிற்று. அன்று மத்தியானம், நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஆனிமேரி குதிரைவண்டியில் வந்தாள். ஒற்றைப் பூட்ஸோடு நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு நேரே போய், வரப்பில் ஒச்சாயியோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். பெண்கள் சேர்ந்தால் புளி விலை, பிள்ளைகள் சளி, வேறென்ன பேசுவார்கள் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். துரை வருவதற்கு முதல் நாள், பழைய முறைப் பாதி நடவாகி முடிந்ததும், நல்லகாமன் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போய் ஒரு யோசனை சொன்னார். இலாகாப் பாதியில், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஐந்து வரிசை மட்டும் ஒற்றை நாற்று. துரை பார்த்துவிட்டுக் காரேறினதும் மிச்சமும் பழையபடி குத்து நடவு. “ஒங்க வேலையும் நிக்கும், என் வயலும் பொழைக்கும். துரை என்ன, வயலுக்குள்ள எறங்கி எண்ணவா போறாரு?” என்றார். நான் வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். ஐயா, பிள்ளைகள் மூன்று பேரும் வரிசையாக என் கண்முன் வந்து நின்றார்கள். ‘சரி’ என்றேன். அந்த ஒரு வார்த்தையை வாயிலிருந்து வெளியே எடுப்பதற்கு, அதுவரை நான் பேசிய ஒற்றை நாற்றுப் பேச்சு முழுவதையும் விட அதிகப் பிரயாசையாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கார் வந்தது. துரை, கண்ணுச்சாமி, டவாலிச் சேவகன் மூன்று பேரும் இறங்கி வரப்பு வழியாக நடந்து வந்தார்கள். துரை நல்ல உயரம், வயசானவர், தமிழில் பரீட்சை எழுதித் தேறியவர். ‘நல்லது’, ‘மிக நல்லது’ என்ற இரண்டும் வெகு சுத்தமாக வரும். ஐந்து வரிசையைப் பார்த்து ‘நல்லது’ என்றார். இலாகாப் பாதியில் மிச்சமும் பொழுது சாய்வதற்குள் இதேபோல நடவாகிவிடும் என்று நான் இங்கிலீஷில் சொன்ன பொய்க்கு ‘மிக நல்லது’ என்றார். என் உயிர் அப்போதுதான் பழைய இடத்துக்கு வந்தது. எல்லாரும் காரைப் பார்க்கத் திரும்பினோம். வழியில் பன்னிரண்டு பெண்களும் நின்றார்கள்.

இந்தப் பக்கத்து வழக்கம் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நடவு நேரத்தில் பெரிய மனுஷர், புது ஆள் யாராவது வரப்பில் வந்தால், பெண்கள் ஒரு முடி, அதாவது ஒரு கட்டு நாற்றைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துக் குலவை போட்டு வழியை மறிப்பார்கள். வந்தவர் சிரித்துக்கொண்டே வெற்றிலை பாக்குக்கு ஏதாவது கொடுத்து, முடியை எடுத்து அவர்கள் கையிலேயே திருப்பித் தரவேண்டும். அவர்களும் வாழ்த்திவிட்டு வழி விடுவார்கள். தாசில்தாருக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும், தபால்காரருக்குக்கூடத் தெரியும். துரைக்குத் தெரியாது. சொல்லி வைக்க எனக்கும் தோன்றவில்லை. ஒச்சாயி ஒரு முடியை அவர் பூட்ஸுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். குலவைச் சத்தத்தில் யானைமலையே ஒருமுறை காதை ஆட்டியிருக்கும்.

துரை திடுக்கிட்டு, இவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கண்ணுச்சாமியைக் கேட்டார். கண்ணுச்சாமிக்குப் பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாதம். வெள்ளைக்காரத் துரையிடம் வெற்றிலைபாக்குக் கேட்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “இலாகாவின் புது நடவு முறையைத் தங்களுக்கும் கற்றுத் தரும்படி விண்ணப்பம் செய்கிறார்கள், இந்த நாற்றைக் காணிக்கையாக ஏற்றுக்கொள்ள வேண்டுமாம்” என்று மொழிபெயர்த்தார். துரையின் முகத்தை அப்போது தாங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏழு ஜில்லாவில் நம்மைக் கண்டால் குடியானவர்கள் கொல்லைப்புறமாக ஓடுகிறார்கள், இங்கே பெண்கள் வழிமறித்துப் பாடம் கேட்கிறார்களே என்று அவர் பூரித்துப்போனார். முடியை இரண்டு கையாலும் எடுத்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. டவாலியிடம் கொடுத்துக் காரில் வைக்கச் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு முடி நஷ்டம். ஆனால் ஒச்சாயி காரைப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள், என்னையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு பெண்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஒன்று வைத்துப் பிரயோஜனமில்லை, நிறைய வைத்தால்தான் இந்தத் துரைக்குப் புரியும் என்று நினைத்துவிட்டாள் போலும். பன்னிரண்டு பெண்களும் ஆளுக்கொரு முடியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். துரை ஒவ்வொன்றையும் தொட்டு ‘மிக நல்லது’ என்றார். டவாலி தூக்கினான். வைத்தவர்கள் திரும்பிப் போய் மறுபடியும் கொண்டுவந்தார்கள். இப்போது காலடியில் வைக்கவில்லை. நேரே காருக்கே கொண்டுபோனார்கள். குலவை வேறு ஓயவில்லை. பின்சீட்டில், கால்மிதியில், டவாலி மடியில், கண்ணுச்சாமி மடியில், அவர் தலைப்பாகை மேல் ஒன்று. சேறு சொட்டச் சொட்ட நாற்பத்திரண்டு முடி! அந்தப் பாதிக்கென்று கட்டி வைத்திருந்ததே அறுபதுதான். நல்லகாமன் வாயைத் திறந்தபடி நின்றார். துரைக்குக் கொடுத்த காணிக்கையை இறக்கு என்று சொல்கிற தைரியம் அந்த வயலில் யாருக்கு இருந்தது? கார் பச்சைத் தேர் மாதிரி மேலூர் ரோட்டில் திரும்பி மதுரையைப் பார்க்கப் போயிற்று.

கார் மறைந்த பிறகுதான் நல்லகாமனுக்குப் பேச்சு வந்தது. “ஏய்யா வாத்தியாரய்யா, ஒங்க துரை வீட்டுல மாடு நெறைய நிக்கிதோ?” என்று கேட்டார். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் தாமதம். எல்லாருடைய நாற்றங்காலும் பாதி கருகிப்போயிருந்தது. சுற்றுவட்டத்தில் ஒரு கைப்பிடி நாற்று கடன் கிடைக்காது. உழுது, பரம்படித்து, தண்ணீர் கட்டிய பாதி வயல் வெறுமனே கிடக்கிறது. கையில் பதினெட்டு முடி. என் வேலை நின்றுவிட்டது, அவர் வயல் போய்விட்டது. எனக்கு அப்போது அழுகையே வந்துவிட்டது ஐயா. உள்ளதைச் சொல்கிறேன், தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஒச்சாயிதான் முதலில் தொளியில் இறங்கினாள். “இருக்கிறதை ஒண்ணொண்ணா ஊண்டுனா அந்தா, அந்த வரப்பு வரைக்கும் வந்துரும். நின்னுக்கிட்டே இருந்தா மொளைச்சிருமா? எறங்குங்கடி” என்றாள். வேறு வழியில்லாமல் நல்லகாமன் தலையை ஆட்டினார். அன்று பொழுது சாய்வதற்குள் ஒத்தை ஒத்தையாக அந்தப் பாதி முழுக்க நட்டு முடித்தார்கள். மூன்று முடி மிச்சமும் விழுந்தது. இப்படியாகத் துரையிடம் நான் சொன்ன பொய், என் முயற்சி ஒன்றுமில்லாமல், சாயங்காலத்தில் உண்மையாகிவிட்டது. இதைத் தற்செயல் என்பதா, தேவ சித்தம் என்பதா என்று போதகரைத்தான் கேட்கவேண்டும். ஆனால் அவரிடம் போய்க் கேட்கத் தைரியமில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் பட்ட பாடு நாய் படாது. அந்தப் பாதி மொட்டையடித்துப் பத்து நாளான தலை மாதிரி இருந்தது. ரோட்டில் போகிறவர்களெல்லாம் மாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். நல்லகாமன் என்னைக் கண்டால் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார். நாலாம் வாரம் போனபோது அவர் எழுந்து போகவில்லை. வரப்பில் குந்தி உட்கார்ந்து, ஒரு தூரைக் கையால் விலக்கி விலக்கிக் கிளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். “பதினேழு” என்றார். அடுத்த தூரை எண்ணி “இருபத்தொண்ணு” என்றார். நான் பிரசுரத்தில் படித்து ஊரெல்லாம் சொன்னது நிஜமென்று எனக்கே அன்றைக்குத்தான் ஐயா தெரிந்தது. தையில் அறுத்து அடித்து அளந்தபோது பழைய நடவுப் பாதியில் மூன்றேகால் மூட்டை. ஒற்றை நாற்றுப் பாதியில் நாலு மூட்டைக்கு மேலே. கண்ணுச்சாமி நேரில் வந்து அளவு எழுதிக்கொண்டு போனார். பதவியைக் குறைக்கவேண்டாம் என்று துரையின் உத்தரவு வந்தது. நல்லகாமனோ இப்போது, “ஒத்தை நாத்தா? எங்க முப்பாட்டன் காலத்துல இருந்தே நாங்க அப்பிடித்தேன்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அவருக்கும் நான் நன்றியுள்ளவன்.

துரைக்கு நன்றி. அவர் மட்டும் அந்த வழக்கம் தெரிந்தவராக இருந்திருந்தால் இன்று நான் வேலையில் இல்லை. உள்ளதைச் சொல்லப் பயந்த கண்ணுச்சாமிக்கு நன்றி. தாமதித்து வந்த வாய்க்கால் தண்ணீருக்கும், பாரம் தாங்கிய காருக்கும், ஏமாந்த ஒச்சாயிக்கும்கூட நன்றி. பாவம், வெற்றிலைபாக்குக்கு ஆசைப்பட்டு நாற்பத்திரண்டு முடியை வைத்தும் அவளுக்கு ஒரு கொட்டைப்பாக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஐயா, தாங்கள் அடுத்த இதழில், ‘மிஸ்டர் கிருபாகரன் யாரையும் இணங்கச் செய்யவில்லை; எல்லாம் தற்செயல்’ என்று ஒரு வரி போட்டால் என் மனச்சாட்சி அடங்கும். வேலை போனாலும் போகட்டும் என்று எழுத ஆசை. ஆனால் ஆனிமேரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பயிற்சிக்கு மட்டும் என்னால் போக முடியாது. அது முடிந்ததும் தென் ஜில்லா முழுக்க உள்ள டிமான்ஸ்ட்ரேட்டர்களை உட்காரவைத்து நான் எதைச் சொல்லிக்கொடுப்பேன்? தற்செயலை எப்படி ஐயா பாடமாக நடத்துவது?

தங்கள் பேனாவில் மையும் தங்கள் களஞ்சியத்தில் நெல்லும் குறையாதிருக்கவும், பத்திரிகை ஆயிரம் இதழ் காணவும் எங்கள் குடும்பத்தாரின் ஜெபங்கள். காலமான பொலிகாளைக்காக இலாகாவுக்கு எங்கள் அனுதாபம்.

இப்படிக்கு,
தங்கள் தயவை என்றும் மறவாத,
கிருபாகரன்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை.

மேற்கண்டதைச் சுத்தமாக நகலெடுக்கும்படி ஆனிமேரியிடம் கொடுத்துவிட்டு நான் கலப்பைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒச்சாயி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்லகாமன் வயலில் விளைந்த நெல்லைக் குத்திப் புது அரிசியாக்கி, நாலு படி அளவுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். யானைமலையடியிலிருந்து விளாங்குடிக்கு வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். உள்ளே ஆனிமேரி அவளுக்கு மோர் கொடுத்துவிட்டு இந்தக் கடிதத்தை முதலிலிருந்து வாசித்துக் காட்டுகிற சத்தம் கேட்டது. ‘ஏமாந்த ஒச்சாயி’ என்ற இடம் வந்ததும் வாசிப்பு நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். ஒச்சாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நான் ஏமாந்துட்டேனா? ஏன் வாத்தியாரய்யா, மொத முடியைத் துரை காருக்குள்ள வைக்கச் சொன்னாரு பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு, இந்த மனுசன் திருப்பித் தாரதில்லைன்னு. அம்புட்டையும் கொண்டாங்கடின்னேன்.”

எதற்காக என்று கேட்டேன். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

“நாத்துக் கையில இருந்தா அந்த நல்லகாமன் ஒத்தையா நட விடுவானா? நீங்களும் அவனும் வேப்பமரத்தடியில நின்னு அஞ்சு வரிசை பேசுனது எங்களுக்குத் தெரியாதாக்கும்? பன்னெண்டு பேருல ஒருத்திக்குமா காது கேக்காது? ஒங்க வேலை போகப்போகுதுன்னு ஒங்க வீட்டம்மா அன்னிக்கு வரப்புல ஒக்காந்து அழுதாக. அதுவும் ஒண்ணு. நீங்களுந்தேன் நாலு நாளு தொண்டைத்தண்ணி வத்தக் கத்துனீக. இந்த மனுசன் பூட்சைத் தொலைச்சும் விடாம கத்துறாரே, ஒருக்கா நட்டுத்தேன் பாப்பமேன்னு இருந்துச்சு.”

ஒருத்தியும் நிமிரவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். நிமிராமல்தான் கேட்டிருக்கிறார்கள். ஆறு மாதமாக என் சம்சாரத்துக்கும் இது தெரியும். கேட்டதற்கு, “நீங்க தேவ சித்தமின்னு சந்தோஷமா ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தீங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்?” என்கிறாள். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது, கும்பிட்டேன். ஒச்சாயி பதறிப்போய், “அட, என்னங்கய்யா!” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கோயமுத்தூரில் ஆறு வாரம் என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்டாள். குடியானவர்களை இணங்க வைப்பது எப்படி என்று சொல்லித் தருவார்களாம் என்றேன். அவளும் ஆனிமேரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போயிட்டு வாங்க. நல்லாப் படிச்சுட்டு வந்து எங்களுக்கும் சொல்லுங்க” என்றாள் ஒச்சாயி.

ஆகையால் ஐயா, மேலே ‘தற்செயல்’ என்று வருகிற இடத்திலெல்லாம் அடித்துவிட்டு ‘ஒச்சாயி’ என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். தேவ சித்தம் என்று வருகிற இடம் அப்படியே இருக்கட்டும். நான் பயிற்சிக்குப் போகிறேன். திரும்பி வந்து மற்ற டிமான்ஸ்ட்ரேட்டர்களுக்கு என்ன பாடம் சொல்வது என்பதை அவளைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன். திருத்தம் மட்டும் தயவுசெய்து போடவேண்டாம். இது ஒச்சாயியின் கண்டிப்பான உத்தரவு.

“பேப்பருல போட்ராதீகய்யா. துரைக்குத் தெரிஞ்சா மனசு கேக்காம, அம்புட்டு நாத்தையும் கார்ல ஏத்திக்கிட்டுத் திரும்ப வந்து நிப்பாரு.”